169 புள்ளிகளில் ஒரு முகப்பு: ஒரு மாதா கோவிலின் மார்கழி விளக்கு அலங்காரம்

வலங்கைமானுக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவே, பஸ் போகும் சாலையிலிருந்து ஒரு குளத்தைத் தாண்டி உள்ளே இருக்கிறது இந்த மாதா கோவில். பெரிய கோவில் இல்லை. முகப்பு 21 அடி அகலம், உச்சிச் சிலுவை வரை 30 அடி உயரம். இடது பக்கம் தனியாக ஒரு மணிக்கூண்டு, வாசலுக்கு மேலே மாதா சொரூபம் வைத்த மாடம், சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். குளத்தின் வடகரை வழியாக 200 அடி நீளத்துக்கு ஒரு தெரு, பாதியில் லேசாக வளைந்து கோவில் வாசலுக்கு வருகிறது. 2024 கிறிஸ்துமஸுக்கு இந்த முகப்பிலும் தெருவிலும் போட்ட விளக்கு அலங்காரம் பொங்கல் வரை நின்றது. கம்பி கட்டியது ஊர் மைக் செட் அண்ணனும் இரண்டு தெருப் பையன்களும். வடிவத் திட்டத்தையும் மின் கணக்கையும் பார்க்கும் பொறுப்பு எனக்கு. என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம், எது எடுபட்டது என்பதை விவரமாக எழுதி வைத்தால், சின்ன ஊர்களில் இதே வேலையைச் செய்கிறவர்களுக்கு உதவும்.

முந்தைய வருடமும் இங்கே விளக்கு இருந்தது. குறைவாகவும் இல்லை. நாலு நிற சீரியல் செட்டுகளை உச்சியிலிருந்து தரை வரை நெருக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு செட்டிலும் எட்டு விதமாக மினுக்கும் ஒரு குட்டி கன்ட்ரோலர். ஒவ்வொன்றும் தன் போக்கில் ஓடியது. பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தால் குளத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ மினுங்குகிறது என்று தெரியும், அது ஒரு கோவில் என்று தெரியாது. சிலுவை காணாமல் போயிருந்தது. சுற்றி அத்தனை வெளிச்சம் இருந்தும் மாதா சொரூபம் நடுவில் இருட்டாக நின்றது. பனி இறங்கிய பிறகு பாதிச் சரங்கள் அணைந்தன. இரும்பு கேட்டைத் தொட்ட ஒரு பையனுக்கு ஷாக் அடித்தது. நல்லவேளையாக அதோடு போயிற்று.

நவம்பரில் பங்குப் பேரவை கூடியபோது வந்த முதல் யோசனை, இந்த வருடம் செட்டை இரண்டு மடங்காக்கலாம் என்பதுதான். "இவ்வளவு போட்டும் எடுப்பா இல்லையே தம்பி" என்றார் ஒரு பெரியவர். அவர் சொன்ன குறை முழுக்க உண்மை. ஆனால் மருந்து நேர் எதிர்த் திசையில் இருந்தது. பாதி விளக்கை எடுத்தால்தான் முகப்பு வெளியே வரும் என்று நான் சொன்னேன். ஃபாதர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஒரு பக்கத் தூணில் மட்டும் செய்து காட்டுங்க" என்றார்.

கோடும் இடைவெளியும்

அந்தத் தூணில் நடந்தது இதுதான். தூணின் அகலம் 8 அங்குலம். இரண்டு விளிம்பிலும் சரம் ஓடியது. சரத்தில் பல்புக்குப் பல்பு 6 அங்குல இடைவெளி. ஒரு கோட்டுக்குள் இருக்கும் இடைவெளியும் இரண்டு கோட்டுக்கு நடுவே இருக்கும் இடைவெளியும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், எந்தப் புள்ளியை எதோடு சேர்ப்பது என்று கண்ணுக்குத் தெரியாது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைத்தான் கண் ஒரே கோடாகச் சேர்க்கும். அதனால் தூண் தூணாகத் தெரியாமல் வெறும் புள்ளிக் கூட்டமாகத் தெரிந்தது. ஒரு விளிம்புச் சரத்தைக் கழற்றிவிட்டு, மற்ற விளிம்பில் 2 அங்குலத்துக்கு ஒரு பல்பு இருக்கும் சரத்தை நூல் பிடித்து நேராகக் கட்டினோம். குளத்தின் அந்தக் கரையிலிருந்து தூண் ஒரே கோடாக நிமிர்ந்து தெரிந்தது. அதற்கு மேல் வாதம் தேவைப்படவில்லை.

இதைக் கணக்காகவும் சொல்லலாம். நல்ல கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுக்கு விலகியிருக்கும் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கும். 200 அடியில், அதாவது சுமார் 60 மீட்டரில், அது ஒன்றே முக்கால் செ.மீ. இரவில் பிரகாசமான புள்ளி கண்ணுக்குள் கொஞ்சம் பரவும் என்பதால், 5 செ.மீ. இடைவெளியில் உள்ள பல்புகள் அந்தத் தூரத்தில் கிட்டத்தட்ட இழுத்த கோடாகிவிடும், 15 செ.மீ. என்றால் புள்ளி புள்ளியாகத்தான் நிற்கும். இரண்டுக்கும் தனித்தனி அழகு உண்டு. ஒரே முகப்பில் ஒரே வேலைக்கு இரண்டையும் கலக்கக் கூடாது. நாங்கள் வைத்துக்கொண்ட விதி: ஒரு கோட்டுக்குள் பல்பு இடைவெளி எவ்வளவோ, அதைப் போல மூன்று மடங்காவது தள்ளித்தான் அடுத்த கோடு இருக்க வேண்டும். நெருக்கடியான இடம் வந்தால் ஒரு கோட்டை விட்டுவிட வேண்டும்.

காவிரி டெல்டாவில் இதற்குப் பாடம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாகூர் தர்காவில் ஐந்து மினாராக்கள். பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் கட்டியது. கந்தூரி விழா நாட்களில் விளக்குச் சரங்கள் மினாராவின் உடலோடு ஒட்டிப் போகும். சுவர் முழுக்க இருட்டில் மறைந்துவிட்டாலும் தூரத்திலிருந்தே மினாரா என்று தெரியும். ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவிலும் கோபுரங்களின் விளிம்பும் வளைவும்தான் விளக்கில் வரையப்படுகின்றன. இரண்டு இடத்திலும் கட்டடத்தில் ஏற்கெனவே இருக்கும் கோட்டைத்தான் விளக்கு பின்பற்றுகிறது. இல்லாத கோட்டைச் சுவரில் புதிதாக உண்டாக்கினால் கட்டடமும் கெடும், கோடும் கெடும்.

எங்கள் முகப்புக்கு அந்த முறையில் தேர்ந்தெடுத்த கோடுகள் கொஞ்சம்தான்: உச்சி முக்கோணத்தின் இரண்டு சரிவு, வாசல் வளைவு, மாடத்தின் வளைவு, இரண்டு ஓரத் தூண்களின் வெளி விளிம்பு, மணிக்கூண்டின் மூலைகள், உச்சிச் சிலுவை. சிலுவைக்கு மட்டும் இரட்டைச் சரம், அதுவும் சிலுவைச் சட்டத்துக்குப் பின்பக்கமாக. அப்படிக் கட்டும்போது பல்பு கண்ணில் படாது. சட்டத்தைச் சுற்றி வெளிச்சம் வழிந்து, சிலுவை கறுப்பு உருவாக நடுவில் நிற்கும். மற்ற எல்லாக் கோடுகளும் ஒளிப் புள்ளிகளாக இருக்கும்போது இது ஒன்று மட்டும் மாறுபட்டிருந்ததால், யாரும் சொல்லாமலே எல்லார் கண்ணும் அங்கே போனது.

குளத்துத் தண்ணீர்

மார்கழியில் குளம் நிறைந்திருக்கும். 2024 நவம்பர் கடைசி வாரத்தில் டெல்டா முழுக்க நல்ல மழை. அதைத் தொடர்ந்து ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தது. டிசம்பரிலும் மழை விடவில்லை. குளம் கரை தொட்டு நின்றதால், பஸ் ஸ்டாப்பிலிருந்து பார்க்கிறவருக்கு முகப்பு இரண்டாகத் தெரியும், நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று. திருவாரூர்க் கமலாலயத்தில் தெப்பம் பார்த்தவர்களுக்குத் தண்ணீரில் விழும் விளக்கின் அருமை தெரியும். அதைத் திட்டத்தில் சேர்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

தண்ணீர் விளக்கை அப்படியே திருப்பித் தராது. லேசான காற்றில் மேற்பரப்பு அலைந்தால் ஒவ்வொரு புள்ளியும் பார்க்கிறவரை நோக்கி நீளமான கோடாக இழுபடும். பக்கவாட்டில் அவ்வளவு விரியாது. அதனால் முகப்பில் செங்குத்தாகப் போகும் வரிசை தண்ணீரிலும் நேர்க்கோடாகவே இறங்கும். படுக்கையாகப் போகும் வரிசையோ கரைந்து ஒரு மங்கலான பட்டையாகிவிடும். மணிக்கூண்டில் ஒவ்வொரு மாடிக்கும் சுற்றி ஒரு வரிசை போடலாம் என்று பையன்கள் ஆசைப்பட்டார்கள். கைபேசியில் குளத்தின் படத்தை எடுத்துக் காட்டிப் பேசினோம். கடைசியில் மணிக்கூண்டுக்கு நாலு மூலைக் கோடுகள் மட்டும் என்று முடிவானது. காற்று அடங்கிய இரவுகளில் அந்தக் கோடுகள் நீருக்குள் அப்படியே இறங்கி நின்றன. காற்று அடித்தபோதும் குலையவில்லை, நீண்டன, அவ்வளவுதான்.

ஊடு புள்ளி

வாசலுக்கும் மாடத்துக்கும் நடுவே ஒரு வெற்றுச் சுவர் உண்டு. அங்கே மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு பலகை வைக்கலாம் என்று முதலிலேயே பேசியிருந்தோம். இதற்கு இப்போது பிக்சல் விளக்குதான் வழி. ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு சின்ன சிப்பும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்று எல்.இ.டி.யும் இருக்கும். மூன்றுக்கும் தனித்தனியே 256 படி வெளிச்சம். ஒரு சரத்தில் 50 பல்பு. கன்ட்ரோலர் அனுப்பும் செய்தி முதல் பல்புக்குள் நுழைந்து, அதற்குரியதை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்ததற்குத் தள்ளும். எந்த உருவம் வேண்டுமானாலும் வரையலாம் என்பதுதான் இதன் பலம், அதுதான் இதன் ஆபத்தும். மயில், தாமரை, ஓடும் எழுத்து என்று எல்லாவற்றையும் ஒரே பலகையில் போட்டு ஒன்றும் மனதில் நிற்காமல் போன அலங்காரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

புள்ளிகளை எப்படி அடுக்குவது என்ற கேள்வி வந்தபோது, மாரியம்மன் கோவில் தெருவில் வருடாவருடம் பெரிய கோலம் போடும் ஒரு அக்காவைக் கூப்பிட்டோம். மார்கழி என்பதால் அவர் கை ஏற்கெனவே கோலமாவோடுதான் இருந்தது. பையன்கள் கட்டம் கட்டமாக, நேர்ப்புள்ளியாக வரைந்து வைத்திருந்ததைப் பார்த்தார். "இதுல பூவு சதுரமா வரும். ஊடு புள்ளி வையுங்க" என்றார். ஊடு புள்ளியில் அடுத்த வரிசைப் புள்ளி, மேல் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவே விழும். நடு வரிசை 15, இரண்டு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைந்து 8-ல் முடிப்பது எல்லா வாசலிலும் போடுகிற அளவு. கூட்டிப் பார்த்தால் 169 புள்ளி. நாலு சரத்தில் 200 பல்பு. 31 மிச்சம், அதை உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம். கணக்கு இவ்வளவு ஒழுங்காக அமைந்ததில் எனக்கு அன்றைக்கு மிகுந்த சந்தோஷம்.

பல்புக்குப் பல்பு 10 செ.மீ. என்று வைத்தோம். அப்படியானால் வரிசைக்கு வரிசை 8.7 செ.மீ. இருக்க வேண்டும். தரையில் கோலம் போடுகிறவர்கள் கண்ணாலேயே இதைப் பிடித்துவிடுவார்கள். பலகையில் துளை போடும்போது இந்த அளவைக் கறாராக வைத்தால்தான் ஒவ்வொரு புள்ளிக்கும் சுற்றியிருக்கும் ஆறு புள்ளிகளும் ஒரே தூரத்தில் அமையும். வரிசை இடைவெளியையும் 10 என்று வைத்திருந்தால் எல்லா உருவமும் மேலும் கீழும் இழுபட்டுத் தெரிந்திருக்கும்.

அப்புறம் நட்சத்திரம். கிறிஸ்துமஸ் என்றால் வீட்டு வாசலில் தொங்கும் ஐந்து முனை நட்சத்திரம்தான் எல்லார் மனதிலும். அதைப் பலகையில் கொண்டுவரப் பையன்கள் ஒரு மாலை முழுக்க முயன்றார்கள். ஒரு முனை சரியாக வந்தால் அடுத்தது கோணிக்கொண்டது. அக்கா பார்த்துவிட்டு, "அஞ்சு முனை புள்ளிக்குள்ள உக்காராது தம்பி. ஆறு முனைன்னா தானா விழும்" என்றார். கணக்கும் அதையேதான் சொல்கிறது. ஊடு புள்ளியை 60 பாகை திருப்பினால் ஒவ்வொரு புள்ளியும் இன்னொரு புள்ளி இருந்த இடத்தில் போய் உட்காரும். ஐந்து முனைக்கு 72 பாகை திருப்ப வேண்டும். சீராக அடுக்கிய எந்தப் புள்ளி வரிசையிலும் அது பொருந்தாது. ஐந்து முனை நட்சத்திரத்தை மூங்கில் சட்டத்தில் தனியாகக் கட்டி, மணிக்கூண்டில் தொங்கவிட முடிவு செய்தோம். பலகையில் ஆறு முனை. நடுப்புள்ளியிலிருந்து ஆறு திசைக்கும் ஏழேழு புள்ளி, மொத்தம் 43 எரியும். மீதி 126 அணைந்திருக்கும். அணைந்த அந்த 126-தான் நட்சத்திரத்துக்கு வடிவம் கொடுத்தது. பையன்களில் ஒருவன் "சும்மா இருக்குற பல்புக்கும் நீலம் கொடுப்போமே" என்று போட்டுக் காட்டியபோது, நட்சத்திரம் அந்த நீலத்துக்குள் அமிழ்ந்துபோனதை எல்லாருமே பார்த்தார்கள்.

இன்னொன்றும் சுவரில் ஏற்றும்போதுதான் புரிந்தது. தரைக் கோலத்துக்கு மேல் கீழ் கிடையாது, எந்தப் பக்கம் நின்றும் பார்க்கலாம். சுவருக்கு உண்டு. 15 புள்ளி வரிசை படுக்கையாக இருந்தால் ஆறு கதிர்களில் இரண்டு இடதும் வலதுமாகப் போகும், மேல் நோக்கி ஒன்றும் வராது. நட்சத்திரம் சாய்ந்து கிடப்பதாகத் தோன்றியது. பலகையைக் கால் சுற்றுத் திருப்பி, 15 புள்ளி வரிசை செங்குத்தாக நிற்க மாட்டினோம். ஒரு கதிர் நேராக மாடத்தில் இருக்கும் மாதாவை நோக்கியது.

வயரிங் ஏர் உழுகிற மாதிரி போனது. முதல் வரிசை இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். ஒவ்வொரு துளைக்குப் பின்னாலும் 1 முதல் 169 வரை பெயிண்டில் எண் போட்டோம். கணினியில் வரைந்த படத்திலும் அதே எண்கள். எந்தப் பல்பு போனாலும் எண்ணைச் சொன்னால் போதும், ஏணி போட்டவர் தேட வேண்டியதில்லை. மின்சாரத்தில் கவனம் தேவைப்பட்ட இடம் ஒன்று உண்டு. 5 வோல்ட் பிக்சல் ஒன்று முழு வெள்ளையில் சுமார் 0.3 வாட் எடுக்கும். 169-க்கும் சேர்த்து 50 வாட், அதாவது 10 ஆம்பியர். இவ்வளவு மின்னோட்டம் மெல்லிய கம்பியில் ஒரு முனையிலிருந்து மட்டும் போனால் கடைசியில் வோல்ட் இறங்கிவிடும். நீல எல்.இ.டி.க்கு சிவப்பைவிட அதிக வோல்ட் வேண்டும் என்பதால் முதலில் நீலம் சோரும், வெள்ளை மஞ்சளாகி அப்புறம் செம்மை அடிக்கும். இது பல்புக் கோளாறு என்று நினைத்துப் புது சரம் வாங்குகிறவர்கள் உண்டு. ஒவ்வொரு 50 பல்புக்கும், மின்சாரத்தை 5 வோல்ட்டாக இறக்கித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து தடித்த கம்பியில் தனியாக மின்சாரம் கொடுத்தால் முடிந்தது.

நிறமும் ஓட்டமும்

கோடுகள் எல்லாவற்றுக்கும் வார்ம் ஒயிட், அதாவது மஞ்சள் சாய்ந்த வெள்ளை, ஒரே நிறம். இந்த முடிவுக்கு வயலும் ஒரு காரணம். கோவிலின் தென்புறம் சம்பா கதிர் வாங்கி நின்றது. விளக்கைப் பார்த்துப் பூச்சி வரும் என்பது விளக்குப் பொறி வைக்கும் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நீலம் கலந்த குளிர் வெள்ளை வெளிச்சம் பூச்சியை அதிகம் இழுக்கும், மஞ்சள் சாய்ந்தது குறைவாக இழுக்கும். வயல்காரர் கேட்டுக்கொண்டபடி தென்புறச் சுவரில் விளக்கே இல்லை, இரவு 11 மணிக்கு எல்லாமே அணைந்தது.

மாதாவுக்கு நீலம் வேண்டும் என்று பெண்கள் கேட்டார்கள். நியாயமான ஆசை. நீலப் புள்ளி விளக்கு தூரத்திலிருந்து எப்போதும் கொஞ்சம் மங்கலாகவே தெரியும். நீல ஒளி கண்ணுக்குள் மற்ற நிறங்களைவிட முன்னாலேயே குவிந்துவிடுகிறது. பனி மூட்டம் அதை இன்னும் பரப்பும். அதனால் நீலத்தைப் புள்ளியாக வைக்காமல், மாடத்தின் உள்விளிம்பில் பல்பு வெளியே தெரியாதபடி மறைத்து, பின்சுவரில் மட்டும் விழவைத்தோம். சொரூபத்தின் முகத்துக்கு முன்பக்கம் கீழிருந்து ஒரு சின்ன வார்ம் ஒயிட். முந்தைய வருடம் இருட்டில் நின்ற மாதா, இந்த வருடம் நீலச் சுவருக்கு முன்னால் தெளிவாக நின்றார். எத்தனையோ பேர் இதைத்தான் முதலில் சொன்னார்கள்.

ஓட்டத்தைப் பற்றி மைக் செட் அண்ணனிடம் நிறையக் கற்றுக்கொண்டேன். 6 வோல்ட் பல்புகளை நாற்பது நாற்பதாகத் தொடராகக் கோத்து 230 வோல்ட்டில் எரித்த காலத்திலிருந்து அவர் இந்த வேலையில் இருக்கிறார். ஒன்று ஃபியூஸ் ஆனால் நாற்பதும் அணையும், ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். அன்றைக்கு ஓடும் விளக்குக்கு மோட்டாரில் சுழலும் ஒரு மர உருளை, அதன் மேல் செம்புத் தகடு, அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் முனைகள். "ரெண்டு லைன்ல ஓட்டம் வராது, மினுக்கத்தான் செய்யும். மூணு லைன் வேணும்" என்றார். ஒன்று விட்டு ஒன்று எரிந்து மாறினால் விளக்கு இந்தப் பக்கம் போகிறதா அந்தப் பக்கம் போகிறதா என்று கண்ணால் முடிவுசெய்ய முடியாது. மூன்று வரிசையாகப் பிரித்து ஒன்று, இரண்டு, மூன்று என்று கொளுத்தினால்தான் திசை பிறக்கும். இன்றைய பிக்சலிலும் அதே விதிதான் வேலை செய்கிறது.

முகப்பில் கோடுகள் அசையவே இல்லை. அசைந்தது பலகை மட்டும். ஒரு உருவம் பத்து வினாடி நிற்கும், மெதுவாக மங்கி அடுத்தது எழும். மங்கலைக் கணினியில் சமமான படிகளாகக் கொடுத்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரியாது: அடிப் படிகளில் குபீரென்று ஏறும், மேல் படிகளில் ஒன்றும் நடக்காதது போல் இருக்கும். கீழே சின்னச் சின்னப் படியாகவும் மேலே பெரிய படியாகவும் மாற்றிக் கொடுத்தோம். வேகமாக வெட்டி வெட்டி மினுக்கும் நிரல்களை எல்லாம் அழித்தேன். வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் பளிச்சிடும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. ஒரு ஊரே கூடும் இடத்தில் அதற்கு இடமில்லை.

தெரு

தெருவில் 20 அடிக்கு ஒரு சவுக்குக் கம்பம், இரண்டு பக்கமும். கம்பத்துக்குக் கம்பம் மாலை போல் தொய்ந்த சரம். கேட்க எளிது, ஆனால் பல தெருக்களில் இது கோணல் மாணலாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. 20 அடிக்கு 2 அடி தொய்வு விட்டால் கம்பியின் நீளம் சுமார் 20 அடி 6 அங்குலம்தான். அந்த 6 அங்குலத்தில் 3 அங்குலம் குறைந்தால் தொய்வு 1 அடி 4 அங்குலத்துக்கு ஏறிவிடும். கையால் குத்துமதிப்பாக இழுத்துக் கட்டினால் ஒன்று இறுகும், அடுத்தது தொங்கும். அதனால் ஒரே அளவுக் கயிறு வைத்து எல்லாத் துண்டையும் முதலிலேயே வெட்டினோம். சரத்தை நேரடியாக இழுக்காமல், நைலான் கயிற்றைத் தொங்கவிட்டு அதில் சரத்தை ஒரு சாணுக்கு ஒரு முடிச்சாகக் கட்டினோம். வளைவில் மட்டும் உள்பக்கம் 18 அடி, வெளிப்பக்கம் 22 அடி வந்தது. தொய்வைப் பத்தில் ஒரு பங்கு என்றே வைத்து அவற்றுக்குத் தனியாக வெட்டினோம். வீடுகளின் வாசலில் அவரவர் போட்ட விளக்கை யாரும் தொடவில்லை, தொடச் சொல்லவும் இல்லை.

மழை, மண், மின்சாரம்

வண்டல் களிமண் மழையில் ஊறினால் இரண்டடிக் குழியில் கம்பம் நிற்காது, சாயும். குழியை ஆழப்படுத்தி, அடியில் செங்கல் ஜல்லி கொட்டி இடித்தோம். வளைவில் உள்ள கம்பங்களுக்கு மட்டும் பின்பக்கம் இழுகயிறு.

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். இந்தப் பக்கத்தில் விளக்கு அலங்காரம் செய்கிற எவரும் அதை மறந்துவிட்டு வேலையைத் தொடங்கக் கூடாது. தெருவின் மேற்கு முனையில் மேலே மின்கம்பி குறுக்கே போகிறது. அதன் கீழே கம்பமும் இல்லை, வளைவும் இல்லை, சரமும் இல்லை. அலங்காரம் அந்த இடத்தில் நின்று, தாண்டித் தொடங்கியது. வெறுமையாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்குக் காரணத்தைச் சொன்னோம். மின்வாரியக் கம்பத்தில் எதையும் கட்டவில்லை. தெருவுக்கு முறையாகத் தற்காலிக இணைப்பு வாங்கினோம். மொத்தச் சுமை 500 வாட்டுக்குள் அடங்கியது.

போர்டில், மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., எர்த் கம்பி, தெருவுக்கும் முகப்புக்கும் தனித்தனி சுவிட்ச். கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் விளக்குகள் எல்லாம் அடாப்டரில் ஓடும் குறைந்த வோல்ட் சரங்கள். 230 வோல்ட் சரம் எட்டாத உயரத்தில் மட்டும், அதுவும் இரும்பு கேட், கிரில் எதையும் தொடாமல். மூட்டுகளைத் தூசியும் மழைநீரும் புகாத ஐ.பி. 65 பெட்டிக்குள் வைத்து, கம்பி பெட்டிக்குள் கீழிருந்து மேலாக நுழையும்படி ஒரு தொங்கல் விட்டோம். மழைநீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் ஏறாது. டேப் சுற்றிய மூட்டு ஒன்றுகூடத் தரையில் இல்லை. நனைந்த ஒரு இரவில் ஆர்.சி.சி.பி. ட்ரிப் ஆகித் தெரு முழுக்க அணைந்தது. சிலர் அதைத் தவிர்த்து நேராகக் கொடுத்துவிடலாம் என்றார்கள். மைக் செட் அண்ணன் மறுத்துவிட்டார். தேடியதில் ஒரு சரத்தின் உறை எலி கடித்துக் கிழிந்திருந்தது. அந்தச் சரத்தைக் கழற்றிய பிறகுதான் மறுபடி விளக்கு.

பொங்கல் வரை

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் பலகைக்கு வேறு வேலை வந்தது. மாரியம்மன் கோவில் தெருப் பெண்பிள்ளைகள் 169 புள்ளி அச்சிட்ட தாளில் பொங்கல் பானை வரைந்து கொண்டுவந்தார்கள். செங்குத்தாக மாட்டியிருந்த பலகையில் பானையின் வாய் வளைந்து வளைந்து வந்தது. ஊடு புள்ளியில் ஒரு திசை நேராக இருந்தால் அதற்குக் குறுக்கே உள்ள திசை கோணலாகத்தான் போகும். பலகையைத் திரும்பப் படுக்கையாக மாற்றினோம். கணினிப் படத்தையும் திருப்பினோம். பானை வாய் நேரானது. இப்போது கரும்பு நேராக நிற்காது. ஆனால் பொங்கலுக்குக் கரும்பை யாரும் விறைப்பாக நட்டு வைப்பதில்லையே, சாய்த்துச் சேர்த்துத்தானே கட்டுகிறோம். 60 பாகையில் இரண்டு கரும்பு சாய்ந்து உச்சியில் கூடின. பலகையில் வந்த எல்லா உருவங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். கரும்புக்குப் பச்சையை முழு வெளிச்சத்தில் கொடுத்தபோது கண் கூசியது, பாதிக்கும் கீழே இறக்கிய பிறகு தோகை தோகையாகத் தெரிந்தது.

எடுபடாதது மூங்கில் நட்சத்திரம். உள்ளே ஒரே ஒரு பிரகாசமான பல்பு வைத்ததால் நடு மட்டும் எரிந்தது, முனைகள் மங்கின. அடுத்த முறை ஐந்து முனைகளுக்குள்ளும் சின்னச் சின்ன பல்புகளாகப் பிரித்து வைக்க வேண்டும், தாளும் இன்னும் தடிமனாக வேண்டும். மணிக்கூண்டில் அதைத் தொங்கவிட்ட கயிறு காற்றில் சுழன்றதால் பாதி நேரம் நட்சத்திரம் பக்கவாட்டில் திரும்பி நின்றது. கீழ் முனைகள் இரண்டையும் கட்டிவிட்டால் சரியாகிவிடும்.

கழற்றியபோது ஒவ்வொரு சரத்தையும் ஒரு அட்டையில் சுற்றி, எந்தக் கோட்டுக்கு உரியது என்று எழுதி, காய்ந்த பிறகே பெட்டியில் வைத்தோம். வெட்டிய நைலான் துண்டுகளுக்கும் 18, 20, 22 என்று சீட்டுக் கட்டியாயிற்று. பலகையை மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் கேட்டிருக்கிறார்கள், ஃபாதர் சரி என்று சொல்லிவிட்டார். அங்கே முகப்பு கிழக்கு பார்த்தது, எதிரே குளம் இல்லை, பார்க்கும் தூரம் 40 அடிதான். 10 செ.மீ. இடைவெளி அந்தத் தூரத்தில் புள்ளி புள்ளியாகவே தெரியும் என்பதால், உருவத்தைக் கோடாக வரையாமல் நிரப்பி வரையச் சொல்லியிருக்கிறேன். அக்கா ஏற்கெனவே ஒரு தாமரை போட்டு வைத்திருக்கிறார்.